எனக்குப் பிடித்தவள் சில காட்சிகளில்தான் வருவாள்

பிறர் படைத்த கதாபாத்திரங்களை ரசிகர்கள் வரையும் ரசிகர் ஓவியத்தில், கதாநாயகனை வரைய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என் கை போவது எப்போதும் ஓரத்தில் நிற்பவர்கள் பக்கம். நான் விழுந்து கிடந்த ஓர் அனிமேஷன் தொடரில் கப்பல் மருத்துவர் ஒருத்தி வருவாள். ஐம்பது தாண்டிய வயது, குறைந்த பேச்சு, இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு. அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று தொடர் கடைசிவரை சொல்லவே இல்லை. அவளுக்கென்று ஓர் அத்தியாயம்கூட ஒதுக்கவில்லை. பல வருடமாக நான் வரைந்து தள்ளுவதில் பாதி அவள்தான்.

"இல்லாத ஒருத்தி மேல் இவ்வளவு ஈடுபாடா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்டுவிட்டுப் போகட்டும். இந்த ஈடுபாடு இணையத்தோடு பிறந்ததும் இல்லை. 1893 டிசம்பரில் எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயில் தன் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் விழுந்து செத்ததாக முடித்துவைத்தபோது வாசகர்கள் கோபக் கடிதம் எழுதினார்கள், பத்திரிகைச் சந்தாவை நிறுத்தினார்கள். பத்து வருடம் கழித்து, 1903-இல், அதே டாயில் ஹோம்ஸ் சாகவில்லை என்று ஒரு கதை எழுத வேண்டியதாயிற்று.

ஹோம்ஸ் விஷயத்தில் எனக்கு இதைவிடப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. ஹோம்ஸ் என்றதும் கண்ணுக்கு வரும் அந்த வேட்டைத் தொப்பி, முன்னும் பின்னும் விளிம்பு வைத்தது, அது கதைகளில் அந்தப் பெயரில் எங்குமே வராது. தலையோடு ஒட்டிய துணித்தொப்பி என்று ஒரு வரி இருந்தது. பத்திரிகைக்குப் படம் போட்ட சிட்னி பேஜட் 1891-இல் அதை வேட்டைத் தொப்பியாக வரைந்தார். இன்று அந்தத் தொப்பியின் நிழலைக் காட்டினாலே ஆளைச் சொல்லிவிடுவார்கள். எழுத்து விட்டுவைத்த இடத்தில் ஓவியர் புகுந்துகொண்டார். ரசிகர் ஓவியம் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். துணைக் கதாபாத்திரங்களில் இப்படி விட்டுவைத்த இடம் ஏராளம். நாயகனுக்கு எல்லாவற்றையும் கதையே சொல்லிவிடுகிறது, நமக்கு மிச்சம் எதுவும் வைப்பதில்லை.

சரி, வரைவதற்கு வருகிறேன்.

நன்றாகப் பார்த்துவிட்டு வரை என்று எல்லோரும் சொல்வார்கள். எதைப் பார்ப்பது என்று சொல்ல மாட்டார்கள். நான் செய்வது இது: அந்தக் கதாபாத்திரம் வரும் காட்சிகளை மட்டும் ஒலியை நிறுத்திவிட்டு ஓடவிடுவேன். வசனம் போனதும் உடம்பு பேசத் தொடங்கும். என் மருத்துவர் எதிரில் இருப்பவர் பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டாள், கையைப் பார்ப்பாள். நிற்கும்போது எடை முழுவதும் வலது காலில் இருக்கும். கதவுக்கு முதுகைக் காட்டி ஒருமுறைகூட உட்காரவில்லை. இதையெல்லாம் எழுதியவர் யோசித்து வைத்தாரோ, அனிமேட்டரின் கைப்பழக்கமோ, எதுவானாலும் எனக்குப் படம் கிடைத்துவிட்டது.

வரைய வருகிறவர்கள் பெரும்பாலும் முகத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முக்கால்வாசி திரும்பிய முகம், தோள்வரை உடம்பு, பின்னணியில் ஒன்றும் இல்லை. கைகள் சட்டத்துக்கு வெளியே அல்லது முதுகுக்குப் பின்னால். (கை வரையத் தெரியாதவன் கையைப் பாக்கெட்டில் வைப்பான். இந்தத் தந்திரம் எல்லா ஓவியருக்கும் தெரியும், யாரையும் ஏமாற்ற முடியாது.) கதாபாத்திரத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். என் மருத்துவருக்கு ஊசியில் நூல் கோக்கும் வேலை கொடுத்தேன். உடனே கேள்விகள் வரிசையில் வந்து நின்றன. இந்த வயதில் கண் கிட்டத்தில் தெரியுமா? ஊசியை முகத்தருகே கொண்டுபோவாளா, தள்ளிப் பிடிப்பாளா? வெள்ளெழுத்து என்றால் தள்ளித்தான் பிடிக்க வேண்டும். அப்போது முகவாய் கொஞ்சம் உயரும், புருவம் ஏறும், தழும்பு நீளும். அந்த ஒரு படத்தில் அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது, தொடரைப் பலமுறை பார்த்தும் தெரியாதது.

யாரும் பார்க்காதபோது இந்த ஆள் என்ன செய்வார் என்பது என்னிடம் இருக்கும் ஒரே உருப்படியான கேள்வி. வில்லனுக்கும் கேட்கலாம். வில்லனுக்குக் கேட்டால் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

தொழில்நுட்பத்தில் மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன், மீதியை எங்கு வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். முதலாவது நிறம். ஸ்க்ரீன்ஷாட்டிலிருந்து நிறத்தை நேராக எடுத்தால் ஏமாற்றும். பழுப்பு மேலங்கி இரவுக் காட்சியில் ஊதாவாக இருக்கும், விளக்கருகே ஆரஞ்சாகும். பகல் வெளிச்சத்தில் வரும் காட்சிகளாகப் பார்த்துச் சில நிறங்களை எடுத்து, ஒரே தாளில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் மூன்று கோணமும் அதே தாளில் இருந்தால் பிற்பாடு பெல்ட் எந்தப் பக்கம் முடிகிறது என்று தேடி அலைய வேண்டாம். இரண்டாவது, உருவத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பார்ப்பது. நிழலை மட்டும் பார்த்து ஆளை அடையாளம் தெரியவில்லையென்றால் நிற்கும் விதத்தில் ஏதோ குறை, முகத்தை எவ்வளவு மெருகேற்றினாலும் சரியாகாது. மூன்றாவது, அவ்வப்போது படத்தை இடவலமாகப் புரட்டுவது. நேராகப் பார்க்கும்போது ஒழுங்காகத் தெரிந்த கண்கள் புரட்டியதும் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக நிற்கும். கோபம் வரும். திருத்திவிட்டு மறுபடி புரட்டுங்கள்.

கருவி பற்றிக் கவலை வேண்டாம். கிரிட்டா என்ற வரையும் மென்பொருள் இலவசம், லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வரையும் அடுக்கு), பிரஷ் எல்லாம் அதில் உண்டு. ஃபோனில் விரலால் வரைந்தே பிரமாதப்படுத்துகிறவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து மனிதர்கள். ஒரு பெரிய தொடரின் ரசிகர் கூட்டத்துக்குள் போய் நின்றால் முதலில் இரைச்சல்தான் காதில் விழும். பெரிய இடம் வேடிக்கை பார்க்க நல்லது, வேலை செய்யச் சின்ன இடம்தான் நல்லது. என் மருத்துவரைப் பிடித்தவர்கள் ஒரு கைப்பிடி ஆட்கள். டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் ஒரு மூலையில் ஒதுங்கிக்கொண்டு, அவளுடைய மேசையில் என்னென்ன இருக்கும் என்று ஒரு மாதம் வாதாடினோம். அந்த வாதத்திலிருந்து வந்த படங்களும் கதைகளும் அதிகம். எந்தக் கூட்டத்தில் சேர்ந்தாலும் முதலில் விதிகளைப் படியுங்கள், கொஞ்ச நாள் பேசாமல் கவனியுங்கள். கதையை முன்கூட்டியே உடைத்துவிடும் ஸ்பாய்லரை எங்கே மறைக்க வேண்டும், எதற்கு எச்சரிக்கை டேக் (குறிச்சொல்) போட வேண்டும், யார் யாருக்குள் பழைய பகை என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

என்னை வரைய வைத்துக்கொண்டிருப்பது எது என்று கேட்டால் பரிசுப் பரிமாற்றம் என்றுதான் சொல்வேன். தெரியாதவர்களுக்காக நடைமுறையைச் சொல்கிறேன். ஒவ்வொருவரும் ஒரு படிவம் நிரப்புவார்கள்: எந்தக் கதாபாத்திரங்கள் வேண்டும், என்ன மாதிரிப் படைப்பு பிடிக்கும், எது அறவே வேண்டாம், பதிலுக்கு நீங்கள் எதை வரைந்து தருவீர்கள். நடத்துகிறவர்கள் பொருத்திவிடுவார்கள். உங்களுக்கு யார் வரைகிறார்கள் என்பது வெளியிடும் நாள்வரை ரகசியம். அதிகம் பேர் கவனிக்காத படைப்புகளுக்காகவே நடக்கும் யூல்டைட் என்ற கதைப் பரிமாற்றம் 2003-இலிருந்து வருடந்தோறும் டிசம்பரில் நடக்கிறது. ஓவியத்துக்கும் இதே அச்சில் சின்னச் சின்னதாக நிறைய நடக்கின்றன. 'பிக் பேங்' என்று இன்னொரு வகையும் உண்டு. எழுத்தாளர் நீண்ட கதை எழுதுவார், ஓவியர்கள் பெயர் போடாத கதைச்சுருக்கங்களைப் படித்து, பிடித்ததைத் தேர்ந்தெடுத்து அதற்குப் படம் போடுவார்கள்.

ஒரு பரிமாற்றத்தில் எனக்கு வந்த படிவத்தில் கேட்டிருந்தது நான் திரும்பியே பார்த்திராத ஒரு சிறைக்காவலன். தொடரில் அவன் செய்வதெல்லாம் சாவியைச் சுழற்றுவது, திட்டுவது, அடி வாங்குவது. கேட்டவர் படிவத்தில் நீளமாக எழுதியிருந்தார்: அவன் ஒவ்வொரு முறையும் கைதிக்குத் தண்ணீர் வைத்த பிறகுதான் திட்டுவான், கவனித்தீர்களா? கவனிக்கவில்லை. போய்ப் பார்த்தேன். ஆமாம், ஒவ்வொரு முறையும்! அதன்பிறகு அவனை வெறுக்க முடியவில்லை. குனிந்து குவளையை வைக்கிற கையையும், திட்டத் தயாராகிற வாயையும் ஒரே படத்தில் கொண்டுவரப் பெரும்பாடு பட்டேன். பெற்றுக்கொண்டவர் எழுதிய பதில் படத்தைவிட நீளம். பொதுவெளியில் அந்தப் படத்துக்குப் பெரிய வரவேற்பு ஒன்றும் இல்லை. யாருக்காக வரைந்தேனோ அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

பரிமாற்றத்தில் சேர்வதென்றால் இரண்டு விஷயம் மனதில் வையுங்கள். விருப்பத்தை எழுதும்போது நிறையக் காரணம் எழுதுங்கள், கட்டளை எழுதாதீர்கள். "நீலச் சட்டை, மழை, இடதுபக்கம் பார்க்க வேண்டும்" என்றால் அது வேலைக்கு ஆள் வைப்பது. "இவள் சோர்ந்திருக்கும்போது காட்டிக்கொள்ளாமல் இருப்பது எனக்குப் பிடிக்கும்" என்றால் வரைகிறவருக்கு ஓட இடம் கிடைக்கும். அப்புறம், முடிக்க முடியாது என்று தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள். மாற்று ஆள் பிடிக்க நடத்துகிறவர்களுக்கு நேரம் வேண்டும். கடைசி நாளில் காணாமல் போகிறவர்களை இந்த உலகம் வெகுகாலம் நினைவில் வைத்திருக்கும்.

ரசிகர் உலகத்தில் புழங்கும் காசு கருத்துரைதான். 'அருமை' என்று போடுவதில் தப்பில்லை, யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் என் படத்துக்கு ஒருவர், "சட்டைக்கை முழங்கைவரை சீராக மடித்திருக்கிறது, ஒரு இடத்தில் மட்டும் ஈரம், இவள் இப்போதுதான் கை கழுவிவிட்டு வந்திருக்கிறாள்" என்று எழுதியிருந்தார். அந்த ஈரத்தை யாராவது பார்ப்பார்களா என்று நினைத்துக்கொண்டேதான் வரைந்திருந்தேன். நீங்கள் அப்படி எழுதிப் பாருங்கள். உங்கள் பார்வையும் கூராகும், நண்பர்களும் கிடைப்பார்கள். கேட்காதபோது திருத்தம் மட்டும் சொல்லாதீர்கள். இங்கே யாரும் மதிப்பெண்ணுக்கு வரையவில்லை.

லைக் எண்ணிக்கையைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. பிரபலமான ஜோடியை வரைந்தால் ஏறும், கிழவியை வரைந்தால் ஏறாது. அவசரத்தில் கிறுக்கிய நகைச்சுவைப் படம் பறக்கும், உழைத்த படம் தூங்கும். எண்ணிக்கையை மறைக்கும் வசதி இருந்தால் மறைத்துவிடுங்கள்.

சண்டைகள் வரும். யாரை யாரோடு சேர்த்துப் பார்ப்பது என்பதில்தான் முக்கால்வாசி. என் மருத்துவரையும் கப்பல் தலைவியையும் ஜோடியாகப் பார்ப்பவர்களும், அக்கா தங்கையாகப் பார்ப்பவர்களும் ஒருவர்மேல் ஒருவர் அறிக்கை விட்டதை நான் பார்த்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் படிக்காதே என்ற பழைய விதியே போதுமானது. டேகுகளைத் தடுத்து வைக்கலாம், ஆளையே மியூட் செய்யலாம். அதற்கு முதலில் எல்லோரும் டேகை ஒழுங்காகப் போட வேண்டும். ரசிகர் கதைகளைச் சேர்த்து வைக்கும் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில் மக்கள் இஷ்டத்துக்கு எழுதும் டேகுகளை ஒன்றோடொன்று இணைப்பதற்கென்றே தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அந்தத் தளத்துக்கு 2019-இல் அறிவியல் புனைவு உலகின் ஹ்யூகோ விருது கிடைத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவர்கள்தான். இன்னொன்று, நீங்கள் வரைந்த ஜோடிப் படத்தை அந்தப் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தவர்களிடம் கொண்டுபோய்க் காட்டிக் கருத்துக் கேட்காதீர்கள். அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

கதாபாத்திரம் செத்துப்போனால், தொடர் முடிந்துபோனால் துக்கம் வரும். நிஜமாகவே வரும். திரையில் வருபவர்களோடு பார்வையாளர்களுக்கு ஏற்படும் இந்த ஒருபக்க நெருக்கத்தைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956-லேயே ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டார்கள். தொலைக்காட்சி வீடுகளுக்குள் பரவிக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே நாம் ஒன்றும் புதிதாகக் கெட்டுப்போகவில்லை. என் மருத்துவரைத் தொடர் கொல்லவில்லை, அதைவிட மோசமாக மறந்துவிட்டது. கடைசிப் பருவத்தில் அவள் வரவே இல்லை. எங்கள் மூலையில் ஆளுக்கொரு முடிவு எழுதி, அவளை ஆளுக்கொரு துறைமுகத்தில் இறக்கிவிட்டோம்.

இனிக் கொஞ்சம் வறட்டு விஷயங்கள். படம் திருடுபோகும். ஓரத்தில் கையெழுத்துப் போட்டால் வெட்டிவிடுவார்கள், உருவத்தை ஒட்டி, மேலங்கி மடிப்புக்குள் போடுங்கள். இணையத்தில் சின்ன அளவை மட்டும் ஏற்றுங்கள். யாராவது எடுத்துப் போட்டிருந்தால் முதலில் மரியாதையாகக் கேளுங்கள், பாதிப் பேர் பெயரைச் சேர்த்துவிடுவார்கள். மீதிப் பேருக்குத் தளத்தின் புகார்ப் படிவம் இருக்கிறது. ஏஐ பயிற்சிக்குப் போய்விடுமோ என்ற கவலை இருப்பவர்களுக்கு, சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட கிளேஸ் என்ற கருவி உண்டு. ஓவியப் பாணியை ஏஐ மாடல்கள் பிரதி எடுப்பதைக் கடினமாக்க அது படத்தில் நுண்ணிய மாற்றங்கள் செய்யும். முழுக் கவசம் இல்லை. நான் பயன்படுத்துகிறேன்.

நாமும் யோக்கியமாக இருக்க வேண்டும். புகைப்படத்தைப் பார்த்து நிற்கும் விதம் கற்றுக்கொள்வது வேறு, இன்னொருவர் ஓவியத்தின் மேல் கோடு இழுத்துத் தன் பெயரில் போடுவது வேறு. பயிற்சிக்கு இழுத்தால் அது உங்கள் நோட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

பணம் என்று வந்தால் கவனம் வேண்டும். கதாபாத்திரத்தின் காப்புரிமை படைத்தவருடையது. அமெரிக்கச் சட்டத்தில் நியாயமான பயன்பாடு என்று ஒரு விலக்கு இருக்கிறது, நான்கு அம்சங்களை வைத்து ஒவ்வொரு வழக்காக முடிவு செய்வார்கள். காசு வாங்கவில்லை என்பது உதவும், அது ஒன்றே காப்பாற்றாது. ஜப்பானில் 1975 டிசம்பரில் 32 குழுக்களோடு தொடங்கிய காமிகெட் சந்தை இன்று பிரம்மாண்டமாக வளர்ந்திருக்கிறது. அங்கே விற்பதில் ரசிகர்கள் மற்றவர் பாத்திரங்களை வைத்து வரைந்த புத்தகங்கள் ஏராளம். பெரும்பாலும் உரிமையாளர்கள் கண்டுகொள்ளாமல் விடுவதால்தான் அது நடக்கிறது. கண்டுகொள்ளாமல் இருப்பதும் அனுமதி கொடுப்பதும் ஒன்றல்ல. சில நிறுவனங்கள் ரசிகர் படைப்புக்கென்று விதிமுறை வெளியிட்டிருக்கின்றன, அச்சடித்து விற்கும் முன் அதைத் தேடிப் படியுங்கள். பயமில்லாமல் விற்க வேண்டுமென்றால் உரிமைக்காலம் முடிந்தவர்கள் இருக்கிறார்கள். ஹோம்ஸ் கதைகளில் கடைசியாக மிச்சமிருந்தவையும் அமெரிக்காவில் 2023 ஜனவரி 1-ஆம் தேதியோடு பொதுவுடைமை ஆகிவிட்டன. அந்தத் தொப்பியோடே வரையலாம்.

அச்சுக்குப் போவதென்றால் தொடக்கத்திலேயே அளவைத் தீர்மானியுங்கள். ஏ4 தாளுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 2480-க்கு 3508 பிக்சல். இணையத்துக்காகச் சின்னதாக வரைந்ததைப் பின்னால் இழுத்துப் பெரிதாக்கினால் கோடெல்லாம் மங்கிவிடும். திரையில் மின்னுகிற பச்சையும் ஊதாவும் அச்சுக்கான நான்கு நிற சிஎம்ஒய்கே மையில் செத்துப்போகும். ஒரு பிரதி மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு மீதியை அடிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாகக் கோப்புகள். தளங்கள் நிரந்தரமில்லை. யார் வேண்டுமானாலும் இணையப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் தளம் 2009-இல் மூடப்பட்டபோது எத்தனையோ ரசிகர் பக்கங்கள் அதோடு போயின. லேயர் உள்ள மூலக்கோப்பை உங்கள் கையில் ஒன்று, வேறோர் இடத்தில் ஒன்று என்று வைத்திருங்கள். பிறர் உங்களுக்குப் பரிசாகத் தந்ததையும், அவர்கள் எழுதிய கருத்துரைகளையும்கூடச் சேர்த்து எடுத்து வையுங்கள், அதை யாரும் செய்வதில்லை. கோப்புக்குத் தேதியோடு பெயர் வையுங்கள். 'முடிந்தது', 'முடிந்தது புதியது', 'நிஜமாகவே முடிந்தது' என்று என்னிடம் ஒரு மருத்துவர் வரிசையே இருக்கிறது. எந்த முடிந்ததில் கண் சரியாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது.